முதல் வரியில் இருந்த எண்

படங்களைச் செயலாக்கும் சேவை ஒன்றை என்விடியாவின் டெஸ்லா டி4 கிராபிக்ஸ் கார்டு உள்ள சர்வருக்கு மாற்றினோம். அதைத் தனியாக அடைத்து ஓட்டும் டாக்கர் கன்டெய்னர் எழுந்ததும் வருகிற முதல் கோரிக்கைக்கு மட்டும் ஒன்றரை நிமிடம் பிடித்தது. இரண்டாவதிலிருந்து சிட்டாகப் பறந்தது. கன்டெய்னரை மறுபடி கிளப்பினால் மறுபடி ஒன்றரை நிமிடம். அதே டூரிங் தலைமுறைக் கார்டு உள்ள என் லேப்டாப்பில் இந்தத் தொல்லையே இல்லை.

"டிஸ்க்கா இருக்குமோ அண்ணா?" என்றான் கூட வேலை பார்த்த தம்பி. இரண்டு நாள் டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும் நோண்டினோம். மூன்றாம் நாள்தான் கம்பைல் ஆகி வந்த பைனரியையே திறந்து பார்க்கத் தோன்றியது. உள்ளே எந்தக் கார்டுக்கான கோடு இருக்கிறது என்று காட்டும் கூஆப்ஜ்டம்ப் கருவியை ஓட்டினால் வரிசையாக எஸ்எம்_52, பழைய தலைமுறைக் கார்டின் எண். டி4-க்கு வேண்டியது எஸ்எம்_75.

நிரலை எப்படிக் கட்டுவது என்று சிமேக் கருவிக்குச் சொல்லும் பில்ட் கோப்பில் 75 என்று நான்தான் எழுதியிருந்தேன். ஆனால் கூடாவுக்கு (CUDA, கார்டில் நிரல் ஓட்டும் என்விடியாவின் தளம்) எந்த ஆர்க்கிடெக்சர் என்று சொல்லும் அந்த மாறி சிமேக் 3.18-இல்தான் வந்தது. கன்டெய்னரில் இருந்த உபுண்டு 20.04 தருவதோ 3.16. அதன் கண்ணுக்கு அது யாரோ வைத்த ஏதோ ஒரு மாறி. எச்சரிக்கைகூட இல்லாமல் தாண்டிப் போய்விட்டது. எதுவும் சொல்லாவிட்டால் கூடா 11-இன் கம்பைலரான என்விசிசி 52-க்குத்தான் கட்டும். கூடவே, புதிய கார்டுகளுக்குப் பிறகு மாற்றிக்கொள்ளக்கூடிய பிடிஎக்ஸ் என்ற இடைநிலைக் கோடையும் வைக்கும். கார்டின் டிரைவர் அந்தப் பிடிஎக்ஸை ஓடும்போதே 75-க்கு கம்பைல் செய்து ஹோம் டைரக்டரியில் சேமித்துக்கொண்டிருந்தது. கன்டெய்னர் போனால் சேமிப்பும் போச்சு. லேப்டாப்பில் இருந்தது புதிய சிமேக்.

முன்பு இதே உபுண்டுவில் கூடா 10.2 போட்டபோது, ஜிசிசி என்ற சி++ கம்பைலரில் 8-க்கு மேல் ஏற்கமாட்டேன் என்று முதல் கோப்பிலேயே பில்ட் நின்றது. அன்று எரிச்சலாக இருந்தது. ஜிசிசி 8-ஐ நிறுவி, சிபியு பகுதியைக் கட்டும் ஹோஸ்ட் கம்பைலர் இதுதான் என்று காட்டியதும் பத்து நிமிடத்தில் முடிந்தது. நின்றுபோகும் பில்டை நான் இப்போது மதிக்கிறேன். பச்சை விளக்கோடு தவறாகக் கட்டிக் கொடுப்பதுதான் ஆளைக் கொல்கிறது.

கோப்பின் முதல் வரியில் குறைந்தபட்ச சிமேக் 3.10 என்று இருந்தது. பழைய புராஜெக்டிலிருந்து அப்படியே வந்த எண். அதை யாருமே யோசித்து எழுதவில்லை. 3.18 என்று மாற்றினேன். கன்டெய்னரில் பில்ட் உடனே நின்றது. புதிய சிமேக்கை நிறுவிக் கட்டியதும் முதல் கோரிக்கையும் மற்றவை போலவே வந்தது.

தம்பி அன்று மாலையே பில்டின் கடைசியில் ஒரு கூஆப்ஜ்டம்ப் சோதனையைச் சேர்த்தான். பைனரிக்குள் 75 இல்லையென்றால் வெளியீடு நின்றுவிடும்.