ஆடி மாதத்து ஈரல்

ஜூலை 14, திங்கள்

ஈரலுக்கான ரத்த டெஸ்டில் எஸ்ஜிபிடி 64, எஸ்ஜிஓடி 48. ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு, கிரேடு 2. "நெறைய பேருக்கு இருக்கும்மா, பயப்படாதீங்க" என்றார் டாக்டர். நிறைய பேருக்கு இருந்தால் அது எப்படி ஆறுதல்?

ஜூலை 15

அம்மாவுக்கு எண்ணெய்தான் குற்றவாளி. "கொழுப்புன்னா எண்ணெய்தானேடி, தாளிக்கிறத நிறுத்து." டாக்டர் எண்ணெயைப் பற்றி வாயே திறக்கவில்லை. ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பாடு, எத்தனை கரண்டி சோறு, டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை, இவ்வளவுதான் கேட்டார். மிஞ்சிய மாவுச்சத்தை ஈரலே கொழுப்பாக்கிக்கொள்ளுமாம். அதைவிடப் பெரிய வரத்து வயிற்றுக் கொழுப்பிலிருந்து. அந்தக் கொழுப்பைக் கரையவிடாமல் பிடித்து வைப்பது இன்சுலின் வேலை. உடம்பு இன்சுலின் பேச்சைக் கேட்காமல் போனால், மூடாத குழாய் மாதிரி ராப்பகலாக ஒழுகி நேரே ஈரலுக்குப் போகிறது. அம்மாவிடம் சொன்னேன். தாளிக்காத ரசம்தான் வந்தது.

ஜூலை 17, ஆடி முதல் நாள்

தேங்காய்ப்பால் பாயசம். "வெல்லம்தானே, சர்க்கரையா போட்டேன்?" வெல்லத்திலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான், அதில் பாதி ஃப்ரக்டோஸ், அதைப் பெரும்பாலும் ஈரல்தான் வாங்கிக்கொள்கிறது. பண்டிகை நாளில் இதையெல்லாம் யாரிடம் சொல்வது? அரை டம்ளர் குடித்தேன். நன்றாக இருந்தது.

ஜூலை 18

தையல் மிஷின் டேப்பால் இடுப்பை அளந்தேன். 91 செ.மீ. நம் ஊர்ப் பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டுமாம். எடை 63தான், பார்க்கிறவர்கள் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். பொங்கலுக்குப் பிறகு தீட்டு வரவில்லை. நிம்மதி என்றுதான் இருந்தேன். ஈஸ்ட்ரோஜன் இருக்கிறவரை கொழுப்பைத் தொடையிலும் இடுப்புக்குக் கீழேயும் ஒதுக்கி வைக்குமாம். அது குறையக் குறைய எல்லாம் வயிற்றுக்குக் குடிவருகிறது. சாப்பாடு மாறவில்லை, ஜாக்கெட் அளவு மட்டும் மாறியது. டெய்லர் மூன்று தடவை பிரித்துத் தைத்தாள். அவளுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது.

ஜூலை 20

துபாயிலிருந்து தங்கச்சி பார்சல். கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட், மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல். "ஈரலை க்ளீன் பண்ணும்க்கா, அங்க எல்லாரும் சாப்பிடுறாங்க." எதிர்வீட்டு அக்கா சீந்தில் பொடி கொண்டுவந்து வைத்திருக்கிறார். அம்மா கீழாநெல்லியை மோரில் அரைத்துத் தரத் தயாராக நிற்கிறார்.

மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிரீன் டீயைக் காய்ச்சிக் குடித்தால் ஒன்றுமில்லை, சாற்றைச் செறிவாக்கி மாத்திரையில் அடைத்தால் சிலருக்கு ஈரலே வீங்கிவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். எனக்கு அது உண்டா என்று யார் சொல்வார்? குழம்பு மஞ்சளும் பிரச்சினை இல்லை. மிளகுச் சத்து சேர்ந்தால் உடம்பு பல மடங்கு உறிஞ்சுகிறது, அதில் காமாலை வந்தவர்கள் உண்டு. சீந்தில் பற்றி 2021இல் மும்பை டாக்டர்களே எழுதினார்கள், கொரோனா காலத்தில் குடித்து ஈரல் கெட்டவர்களைப் பற்றி. கீழாநெல்லிக்கு 1988இல் மெட்ராஸ் ஆய்வு ஒன்று பெரிய பேர் வாங்கிக் கொடுத்தது, ஆனால் அது ஹெபடைடிஸ் பி கிருமிக்கு. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. எப்படிப் பார்த்தாலும் என் வியாதி அதுவல்ல.

வைட்டமின் ஈ கேட்டேன். 2010 ஆய்வில் தினம் 800 யூனிட், 96 வாரம், பலன் இருந்ததாம். ஆனால் சர்க்கரை வியாதி இல்லாத, பயாப்ஸியில் அழற்சி உறுதியானவர்களுக்கு. "உங்களுக்கு இப்ப வேண்டாம்" என்றார். மாத்திரை வேண்டாம் என்று சொல்கிற டாக்டரை வீட்டில் யாரும் நம்பவில்லை.

ஜூலை 22

முடிக்கு விழுங்கும் பயோட்டினை இரண்டு நாளாவது நிறுத்திவிட்டுத்தான் தைராய்டு டெஸ்டுக்கு வர வேண்டுமாம், இல்லாவிட்டால் தைராய்டு குறைந்தால் ஏறுகிற டிஎஸ்ஹெச் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

ஜூலை 24, ஆடி அமாவாசை

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் அண்ணன் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்தான். படித்துறையில் நின்றிருந்தேன்.

அப்பா ஒரு சொட்டு தொட்டதில்லை. கடைசியில் வயிறு முழுக்க நீர். ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே "எத்தனை வருஷமா குடிக்கிறாரு?" அம்மா இல்லை என்றார். நம்பாமல் மறுபடி கேட்டார்கள். பிறகு சித்தப்பாவே கேட்டார், "அண்ணன் மறைச்சு மறைச்சுக் குடிச்சாரா அண்ணி?" அம்மா அதற்கப்புறம் சித்தப்பா வீட்டுக்குப் போகவில்லை. இருபது வருடமாகச் சர்க்கரை இருந்த மனுஷன். அதை ஒருவரும் ஈரலோடு சேர்த்துக் கேட்கவில்லை.

ஜூலை 25

தூக்கமில்லை.

ஜூலை 27

ஈரலில் தழும்பு இருக்குமா என்று ஊகிக்கிற ஃபிப்-4 கணக்கு போட்டேன். வயது 49ஐ எஸ்ஜிஓடி 48ஆல் பெருக்கி, பிளேட்லெட் 210ஐ எஸ்ஜிபிடியின் வர்க்கமூலம் எட்டால் பெருக்கி, அதால் வகுக்க வேண்டும். 1.4. 1.3க்குள் இருந்தால் கவலையில்லை, 2.67க்கு மேல் போனால் தழும்பு முற்றியிருக்கலாம். நான் நடுவில். நடுவில் என்றால் ஃபைப்ரோஸ்கேன், ஈரலின் விறைப்பை அளக்கிற ஸ்கேன். ஒரு புள்ளிதானே என்று நாலு தடவை போட்டேன், குறையவில்லை.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர். அத்தனையும் சோறு! ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி, பக்கத்தில் நிறையச் சுண்டல். அண்ணன் என் தட்டைப் பார்த்துச் சிரித்தான். அவன் தட்டு குன்று. அப்பாவும் இப்படித்தான், புளியோதரையை இரண்டாம் தடவை போடச் சொல்வார்.

அண்ணனுக்கு வயிறு சட்டை பட்டனைத் தள்ளுகிறது. 54 வயது.

ஆகஸ்ட் 6

டிஎஸ்ஹெச் 11.2. தைராய்டு குறைவு. ஈரல் கொழுப்பை எரிக்க தைராய்டு ஹார்மோனும் வேண்டும் என்பது தெரியாது. அந்த வழியிலேயே ஈரலைக் குறிவைத்து ஒரு மாத்திரைக்கு அமெரிக்காவில் 2024 மார்ச்சில் அனுமதி கொடுத்தார்களாம். எனக்கு அது இல்லை, விடிகாலையில் வெறும் வயிற்றில் சாதாரண தைராய்டு மாத்திரைதான். காபி அதற்கப்புறம் ஒரு மணி நேரம் கழித்து.

காபி நிறுத்த வேண்டாம் என்றார்! ஈரலுக்கு நல்லதே என்றார். சர்க்கரை மட்டும் கூடாது. இந்த ஒன்றுக்காகவே டாக்டரை மாற்றமாட்டேன்.

ஆகஸ்ட் 9

எடை 61.8. உடம்பு எடையில் ஏழு முதல் பத்து சதவீதம் இறங்கினால் அழற்சியும் அடங்குமாம். எனக்குக் குறைந்தது நாலரைக் கிலோ. காவிரிக்கரை வரை நடக்கிறேன், நாய்கள் பழகிவிட்டன.

ஆகஸ்ட் 11

தங்கச்சி வீடியோ காலில்: "கேப்சூல் சாப்பிடுறியா?" டப்பாவைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். குலுக்கச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12

ஃபைப்ரோஸ்கேன் நாளை 10.30. மூன்று மணி நேரம் வெறும் வயிறு. எட்டு கிலோபாஸ்கலுக்குள் வர வேண்டும். அண்ணனிடம் நீயும் வா என்றேன். "எனக்கென்ன, நான் குடிக்கிறேனா?" என்றான். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து அவனை ஒரு பார்வை பார்த்தார். அவனுக்கும் சேர்த்து டோக்கன் போட்டுவிட்டேன். ராத்திரி இட்லியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்ல வேண்டும்