கையெழுத்து கேட்ட மேசை

2019, ஆடி மாதம். எங்கள் சிற்றிதழில் ஒரு கிராம தெய்வத்தின் கதை வெளிவந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கொலையுண்ட பெண் ஒருத்தி எப்படி அம்மன் ஆனாள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னதைத்தான் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அதில் அவள் சாதி வந்தது. கொன்றவர்கள் யார் என்பதும் வந்தது. கொடை விழாவுக்குப் பந்தக்கால் நட்டிருந்த நேரம் வேறு.

காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி: "ஒன்றுமில்லை சார், ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள்."

வழக்கறிஞர் நண்பர் தடுத்துவிட்டார். வழக்கு இருந்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஏ பிரிவில், நேரில் வரச் சொல்லி அறிவிப்பு அனுப்பட்டும். வெறும் மனு என்றால் அதைப் பதிந்துகொண்டதற்கான சி.எஸ்.ஆர். எண்ணைச் சொல்லட்டும் என்றார். எண்ணைக் கேட்டேன். மறுமுனையில் பேச்சே இல்லை.

எங்களைப் போன்ற இதழ்களை மிரட்ட அப்போது எடுத்தது இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு. ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம், மூன்றாண்டு வரை சிறை. ஆனால், மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்துடன் வேண்டுமென்றே, தீய எண்ணத்துடன் எழுதியதற்கு மட்டுமே அது பொருந்தும் என்று 1957-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் அந்த வழக்கை விசாரணைக்கு எடுக்கவும் முடியாது. இதெல்லாம் தெரிந்திருந்தும், அன்றிரவு மாற்றுச்சட்டை ஒன்றைப் பையில் வைத்துவிட்டுத்தான் படுத்தேன்.

கடைசியில் அழைப்பு வந்தது கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து. 'அமைதிப் பேச்சுவார்த்தை'யாம். எதிர்ப் பக்கம் பதினொரு பேர், இந்தப் பக்கம் நாங்கள் இருவர். தேநீர் வந்தது. பின்னாலேயே தட்டச்சு செய்த ஒரு தாளும் வந்தது. 'எவ்வித நிர்ப்பந்தமும் இன்றி' நான் வருத்தம் தெரிவிக்கிறேனாம், மீதிப் பிரதிகளைத் திரும்பப் பெறுகிறேனாம், இனி அந்த ஊரைப் பற்றி எழுத மாட்டேனாம். அந்த வரியைப் படிக்கும்போது ஆய்வாளர் கதவை மறித்து நின்றுகொண்டிருந்தார்.

நண்பர் பையிலிருந்து ஒரு தீர்ப்பு நகலை எடுத்து மேசையில் வைத்தார். 2015 ஜனவரியில் நாமக்கல்லில், 'மாதொருபாகன்' நாவலுக்காக எழுத்தாளர் பெருமாள்முருகனை இப்படித்தான் உட்கார வைத்தார்கள். அங்கே ஏற்பட்ட உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

"தடை செய்ய வேண்டுமென்றால் அரசு செய்யட்டும் ஐயா" என்றார் நண்பர். அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95-ஆம் பிரிவில் அதற்கு வழி இருந்தது. காரணங்களைச் சொல்லி அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும். வெளியிட்டால் இரண்டு மாதத்துக்குள் நாங்கள் உயர் நீதிமன்றம் போகலாம், மூன்று நீதிபதிகள் அமர்ந்து கேட்பார்கள். இந்தத் தாளை எதிர்த்து எங்கே போவது? நானே மனமுவந்து கொடுத்ததாகத்தானே ஆகும்?

நான் கேட்டது ஒன்றுதான்: புகாரின் நகலும், என்னிடம் எதிர்பார்ப்பதை எழுத்துப்பூர்வமாக ஒரு ஆணையும். அதிகாரி 107-ஆம் பிரிவு, அமைதி காப்பதாகப் பிணைப்பத்திரம் என்று ஏதோ சொல்லத் தொடங்கி, கோப்பை மூடினார். "யோசித்துச் சொல்லுங்கள்." நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆணையும் வரவில்லை, வழக்கும் வரவில்லை.

அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. அச்சகத்துக்கு இரண்டு காவலர்கள் போய்ப் பில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். பதினைந்து வருடமாக எங்கள் இதழை அச்சடித்த மனிதர் என் முகத்தைப் பார்க்காமல், "வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கல்யாண வயதில் மகள் இருக்கிறாள்.

அச்சகம் மாறினால், இதழை எங்கே அச்சிடுகிறோம் என்று புதிதாக உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டியிருந்தது அப்போது. அதுவும் உட்கோட்ட நடுவர் முன்னிலையில். அதாவது, அதே கோட்டாட்சியர் முன்னிலையில். இரண்டு இதழ்கள் நின்றுபோன பிறகு, அதே அறையில், அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். படிவத்தை என் பக்கம் நகர்த்திய எழுத்தர் கேட்டார்: "இதிலாவது கையெழுத்துப் போடுவீர்களா சார்?"

படித்துப் பார்த்துவிட்டுப் போட்டேன்.