சத்துவாச்சாரி 20 சென்ட்: அபார்ட்மென்ட் கட்டினால் கட்டுப்படியாகுமா?

வேலூர் சத்துவாச்சாரியில் தாத்தா வாங்கிப் போட்ட 20 சென்ட் மனை இன்னும் காலியாகவே கிடக்கிறது. ஒரு பில்டர் சித்தப்பாவைப் பார்த்து, "நிலம் உங்களுது, செலவு என்னுது, ஆளுக்குப் பாதி" என்று ஜாயின்ட் வென்ச்சர் பேசிவிட்டுப் போனார். இருபது வீடு வரும், பத்து நமக்கு என்றதும் வீட்டில் பாதிப் பேர் கிரகப்பிரவேசத்துக்கே நாள் பார்த்துவிட்டார்கள். கணக்குப் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கம் எல்லாம் சுத்தம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. இடித்தது ரோடு. 20 சென்ட் என்றால் 8,712 சதுர அடி. 2019 கட்டட விதிப்படி எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2, அதாவது சுமார் 17,400 சதுர அடி கட்டலாம். அதற்கு மேல் பணம் கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வேண்டுமென்றால் ரோடு 9 மீட்டராவது, அதாவது ஏறக்குறைய 30 அடியாவது, இருக்க வேண்டும். 9 முதல் 12 மீட்டருக்கு 30 சதவீதம் கூடுதலாகக் கட்டலாம். பில்டர் அதையும் சேர்த்துத்தான் இருபது சொல்லியிருந்தார். பத்திரத்தில் ரோடு 30 அடி. சர்வேயர் டேப் பிடித்துப் பார்த்தால் 24 அடி சொச்சம். பிரீமியம் போச்சு. ஆயிரம் சதுர அடி வீடாக 16 தான் தேறும்.

அடுத்து, நம் பங்கை ஓரமாக வைத்துவிட்டு பில்டரின் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். இதைத்தான் எல்லோரும் செய்ய வேண்டும் என்பேன். அவர் சொன்ன விலை சதுர அடிக்கு 5,500. பதினாறு வீட்டுக்கும் சேர்த்து 8.8 கோடி. எனக்குத் தெரிந்த இன்ஜினியர் போட்டுக் கொடுத்த எஸ்டிமேட்டில் கார் பார்க்கிங், லிஃப்ட் உட்பட கட்டுமானம் 4.6 கோடி. பிளான் அப்ரூவல், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு, விளம்பரம், புரோக்கர் கமிஷன் 60 லட்சம். வட்டி குறைந்தது 40 லட்சம். ஆக, செலவு 5.6 கோடி. பாதி வீட்டை எங்களுக்குக் கொடுத்துவிட்டால் அவர் கையில் நிற்பது 4.4 கோடி. ஒரு கோடிக்கு மேல் நஷ்டப்பட்டு யார் நமக்கு வீடு கட்டித் தருவார்? கம்பியில் கை வைப்பார், இல்லையென்றால் பாதியில் நிறுத்துவார். அதோடு, எங்கள் சார்பில் அவரே விற்கும்படி முழு மனைக்கும் பொது அதிகாரப் பத்திரம் வேறு கேட்டிருந்தார்.

சரி, 5,500 விலைக்கு வீடு சீக்கிரம் விற்குமா? பக்கத்துத் தெருவில் முடிந்துபோன ஒரு அபார்ட்மென்ட்டின் சர்வே நம்பருக்கு ஆன்லைனில் வில்லங்கம் போட்டேன். ஒவ்வொரு வீட்டுக்குமான பிரிபடாத பங்கு (நிலத்தில் அந்த வீட்டுக்குள்ள பாகம்) எந்தத் தேதியில் பதிவானது என்று வரிசையாக வந்துவிடும். விலையை அதில் நம்ப முடியாது, ஆனால் தேதி பொய் சொல்லாது. பன்னிரண்டு வீடு விற்க மூன்று வருஷம் ஆகியிருந்தது. இந்த ஊரில் கையில் காசு சேர்ந்தவர் முதலில் தேடுவது தனி மனை, தனி வீடு. அபார்ட்மென்ட் அப்புறம்தான்.

வீட்டைச் சின்னதாக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. 45 லட்சத்துக்குள், கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் பரப்பு) 90 சதுர மீட்டருக்குள் இருந்தால் வாங்குபவருக்கு ஜி.எஸ்.டி. 1 சதவீதம், தாண்டினால் 5. 800 சதுர அடி வீடு 44 லட்சத்தில் நின்றுவிடும். ஆனால் வீடு கூடக்கூட கார் பார்க்கிங்கும் கூட வேண்டும். 20 சென்ட்டில் அதற்கு இடம் எங்கே?

சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளுக்கு ரூம் கட்டி விடலாம் என்றார் அத்தை. பாபுராவ் தெருவிலும் தோட்டப்பாளையத்திலும் தங்குகிறவர்கள் நடந்து போகும் தூரத்துக்காகத்தான் அங்கே தங்குகிறார்கள். எங்கள் மனையிலிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். 2022ல் ஆஸ்பத்திரியின் ராணிப்பேட்டை வளாகம் திறந்து சில துறைகள் அங்கே போய்விட்டன. 2024 ஆகஸ்டுக்குப் பிறகு வங்கதேசத்தவருக்கு விசா கெடுபிடி வேறு. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

நியாயமாகப் பார்த்தால் எங்களுக்கு ஐந்து வீடு வரும். மீதி பதினொன்றில் பில்டருக்கு 45 லட்சம் நிற்கும். ஐந்து வீடு என்றால் 2.75 கோடி, அதுவும் மூன்று வருஷம் கழித்து. இன்றைக்கே மனையாகக் கேட்கும் விலை சென்ட் 10 லட்சம், மொத்தம் 2 கோடி. பேங்கில் 7 சதவீதத்தில் போட்டால் மூன்று வருஷத்தில் 2.45 கோடி. வீட்டு விலை பத்து சதவீதம் இறங்கினால் நம் ஐந்து வீடும் 2.47 கோடிதான். வரி கணக்கு தனி.

சித்தப்பா இந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "இதுக்காடா அந்தாளு அல்வா வாங்கிட்டு வந்தாரு?" என்றார். ஐந்து வீடு, ரெரா பதிவு அவர் பொறுப்பு, அதிகாரப் பத்திரம் அவர் பங்குக்கு மட்டும், அதையும் தளம் தளமாக முடித்த பிறகே தருவோம் என்று சொல்லி அனுப்பினோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். நடுவில், பத்து சென்ட்டை மட்டும் மனையாகக் கொடுப்பீர்களா என்று பின்தெருக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு மட்டும் சித்தப்பா இன்னும் முடியாது என்று சொல்லவில்லை.