அப்பா போடாத ஓட்டு

மதுரையில் நாற்பது வருஷம் தையல் கடை வைத்திருந்தவர் அப்பா. அமெரிக்காவில், எங்கள் நாக்ஸ்வில் வீட்டில் இரண்டு வாரத்திலேயே சலித்துப்போனார். "கிரீன்வில்ல ஒரு ஜனாதிபதியோட தையல் கடை இருக்குப்பா" என்றதும் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

லிங்கன் சுடப்பட்டு இறந்ததும், 1865 ஏப்ரலில் ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜான்சனின் கடை. ஒரே ஒரு மர அறை. வெயில் மழை படாமல் சுற்றிலும் செங்கல் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். ஜான்சன் பள்ளிக்கூடப் படி ஏறாதவர். தொழில் பழக விட்ட இடத்திலிருந்து பையன் ஓடிப்போக, பிடித்துத் தந்தால் 10 டாலர் என்று முதலாளி பேப்பரில் விளம்பரம் கொடுத்தாராம். "நானுந்தான் ஓடுனேன். எவன் காசு தரேன்னான்?" என்றார் அப்பா.

காரில் வரும்போதே மீதிக் கதையைச் சொல்லியிருந்தேன். உள்நாட்டுப் போரின் கடைசி மாதங்களில், தென் கடற்கரையில் சுமார் 4 லட்சம் ஏக்கரை விடுதலையான அடிமைகளுக்கென்று ஜெனரல் ஷெர்மன் ஒதுக்கினார். அவர்களும் உழுது விதைத்தார்கள். ஜான்சனோ போரில் தென்பக்கம் நின்ற பழைய பண்ணையார்களுக்கு வரிசையாக மன்னிப்பு வழங்கி, நிலத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். அந்தச் சேதியைச் சொல்ல எடிஸ்டோ தீவுத் தேவாலயத்துக்குப் போன ஜெனரல் ஹோவர்டால் பேச்சையே தொடங்க முடியவில்லை. அவ்வளவு கூச்சல். கடைசியில் ஒரு பெண் பாட ஆரம்பித்த பிறகுதான் அடங்கியதாம். 1866-இல் வந்த சிவில் உரிமைச் சட்டத்தையும் ஜான்சன் தடுத்துப் பார்த்தார். காங்கிரஸ், அதாவது அந்த நாட்டு நாடாளுமன்றம், அவரை மீறி நிறைவேற்றியது.

1868-இல் அவர்மேல் பதவிநீக்க விசாரணை. நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் 35 பேர் குற்றவாளி என்றார்கள், 19 பேர் இல்லை என்றார்கள். பதவியைப் பறிக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 36 வேண்டும். ஒரே ஓட்டில் தப்பினார்.

கடையைப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த விசாரணையின் அனுமதிச் சீட்டு மாதிரியே ஒன்று தருகிறார்கள். நாமும் ஓட்டுப் போடலாம். நான் யோசிக்காமல் 'குற்றவாளி' என்று போட்டேன். அப்பா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, மொத்தம் எத்தனை குற்றச்சாட்டு?"

"பதினொண்ணு. பெரும்பாலும் ஸ்டாண்டன்னு ஒரு மந்திரியை நீக்குனதுக்கு. ஒண்ணு, மேடையில காங்கிரசைத் திட்டுனதுக்கு."

"அந்த நிலத்தைப் பிடுங்குனது எத்தனாவது?"

"அது இதுல இல்லப்பா."

சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஊருக்குப் போகும்போது பாஸ்போர்ட்டோடு எடுத்துப் போனார்.