முன்னுக்கு நிற்கிற சைக்கிள்

போன கிழமை மேசை லாச்சியைத் துப்புரவாக்கியபோது மூன்று இரத்தப் பரிசோதனைத் துண்டுகள் அகப்பட்டன. 2022 மாசி, 6.3. 2022 மார்கழி, 5.8. 2024 பங்குனி, 6.6. எச்பிஏ1சி என்று போட்டிருக்கும் எண். இரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அதில் எவ்வளவு சீனி ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதால் கடைசி இரண்டு மூன்று மாதக் கணக்கு அப்படியே வெளியே வந்துவிடும். முதல்நாள் இரவு பட்டினி கிடந்து டொக்டரை ஏமாற்ற முடியாது. 6.5ஐத் தொட்டால் சலரோகம், அதாவது நீரிழிவு.

நான் கணித ரீச்சர். மூன்று புள்ளிகளைக் கண்டால் கோடு கீறாமல் இருக்க முடியாது. கோடு இறங்கிப் பிறகு ஏறுகிறது. இறங்கிய ஆண்டில் நான் அப்படி என்ன செய்தேன்? யோகா வகுப்புக்குப் போகவில்லை. விரதம் கூட்டவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விடவும் இல்லை.

பெற்றோல் இல்லை. அவ்வளவுதான்.

இலங்கை முழுக்கப் பெற்றோல் தட்டுப்பாடு. 2022 வைகாசியிலிருந்து எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டில் பேச்செல்லாம் பெற்றோல் வரிசை பற்றித்தான். ஆனி கடைசியில் லீற்றர் 470 ரூபா, அதுவும் கிடைத்தால். ஆவணியில் கியூஆர் குறியீட்டைக் காட்டி அளந்து வாங்கும் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றார்கள். என் ஸ்கூட்டிக்கு அது தாராளம். ஆனால் இவர் வேலைக்குப் பளைக்குப் போய்வருகிறவர். நாளுக்கு 80 கிலோமீற்றர், ஐந்து நாளுக்கு 400, லீற்றருக்கு 50 என்று வைத்தாலும் 8 லீற்றர் வேண்டும். அவருடைய 4, என்னுடைய 4. ஒவ்வொரு கிழமையும் ஸ்கூட்டியின் வாய்க்குள் ரியூப்பை விட்டு உறிஞ்சி, பெற்றோல் மணக்கிற வாயோடு தேத்தண்ணி கேட்பார். நான் அடுப்படிக்குப் பின்னால் ஒட்டடை பிடித்துக் கிடந்த லுமாலா சைக்கிளை இழுத்து, ரியூப் இரண்டும் மாற்றி, பள்ளிக்கூடத்துக்கு மிதிக்கத் தொடங்கினேன். கோண்டாவிலிலிருந்து போக ஐந்து கிலோமீற்றர், வர ஐந்து.

முதல் மூன்று நாள் முழங்கால் கதறியது. நான்காம் நாளும் கதறியது. பிறகு எப்போது நின்றது என்று நினைவில்லை.

அந்த மாதங்களில் இன்னொன்றும் நடந்தது. எங்கள் ஒழுங்கைக்குப் பின்னேரம் நாலரை மணிக்கு மணி இசை போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோ வரவில்லை. அதற்கும் பெற்றோல் வேண்டுமே, மாவும் வேண்டுமே. அந்த ஓட்டோ வருவதற்கு முந்திய காலத்தில் பணிஸ் தின்ன ஆசை வந்தால் சந்திக் கடைவரை நடக்க வேண்டும். வெயிலைப் பார்த்ததும் பாதி ஆசை போய்விடும். ஓட்டோ படலையிலேயே வந்து நிற்கத் தொடங்கிய பிறகு ஆசைப்படக்கூடத் தேவையில்லை, சத்தம் கேட்டாலே கை காசை எடுக்கும். மேலே சீனி தூவிய கிம்புலா பணிஸ் இரண்டு, இவருக்கு மீன் பணிஸ் ஒன்று. பசிக்காகத் தின்றோம் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

2023இல் கிழமைக்குத் தரும் பெற்றோல் அளவைக் கூட்டினார்கள். புரட்டாதி (செப்டெம்பர்) முதலாம் திகதி கியூஆரே இல்லை என்றாகிவிட்டது. ஸ்கூட்டி முன்னுக்கு வந்தது, சைக்கிள் பின்னுக்குப் போனது. நாலரைக்கு மணி கேட்டது. அடுத்த பங்குனியில் 6.6.

டொக்டர் துண்டைப் பார்த்துவிட்டு, "ரீச்சர், பள்ளிக்கூடத்துக்கு எதிலை போறியள்?" என்றுதான் முதலில் கேட்டார். நான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார் என்று பதில் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன்.

இதை எழுதும்போது ஒரு பயம் இருக்கிறது. "அந்தக் காலத்தில் நாங்கள் எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தோம்" என்று தொடங்குகிறவர்களோடு என்னையும் சேர்த்துவிடுவீர்கள். வேண்டாம். 1993இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் சைக்கிள்தான். போர், பொருளாதாரத் தடை, கறண்ட் இல்லை, மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓட்டினார்கள். 95 ஐப்பசி (ஒக்டோபர்) 30 இரவு, ஊரே இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தை அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் கடந்தேன், கரியரில் அம்மா. மருந்து கிடைக்காமல் செத்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். அதை உடற்பயிற்சிக் காலம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

பழசெல்லாம் உடம்புக்கு நல்லது என்பதும் கணக்குக்கு ஒத்துவரவில்லை. கிணற்றடியில் அள்ளிக் குளித்ததைப் பற்றி எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள், நானும் விடுவேன். ஒருநாள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்தே கணக்குப் போட்டேன். இருபது அடி ஆழம், கிட்டத்தட்ட ஆறு மீற்றர். பத்து லீற்றர் வாளி, இருபது வாளி. வந்தது சுமார் 12,000 யூல், மூன்று கிலோகலோரிக்கும் குறைவு. உடம்பு அதைப்போல் நாலு மடங்கு செலவழிக்கும் என்றாலும் பன்னிரண்டைத் தாண்டாது. கிம்புலா பணிஸில் ஒரு கடிகூட இல்லை. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். ஆனால் பத்துக் கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டம் என் நிறைக்கு இருநூறு கிலோகலோரிக்குக் குறையாது. அதோடு, வேலை செய்கிற தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே இரத்தத்திலிருந்து சீனியை இழுத்துக்கொள்ளும். அம்மியும் உரலும் போனதற்காக நான் அழப்போவதில்லை, மிக்ஸி இருக்கட்டும். போனதில் கனமானது வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலிருந்த அந்த ஐந்து கிலோமீற்றர்.

வேலியையும் சொல்ல வேண்டும். எங்கள் வளவுக்கும் மாமி வளவுக்கும் இடையில் கிளுவை வேலி இருந்தது, அதில் ஒரு பொட்டு. கறிவேப்பிலைக்கு, கதைக்கு, சும்மா எட்டிப் பார்க்க என்று நாளுக்குப் பத்துத் தரம் அந்தப் பொட்டுக்குள்ளால் குனிந்து போய்வருவோம். இப்போது மதில். மாமியிடம் போவதென்றால் சட்டை மாற்றி, படலை திறந்து, ஒழுங்கையால் சுற்றிப் போக வேண்டும். அதனால் போன் எடுக்கிறோம். மாமிக்கு இப்போது இரண்டு முழங்காலும் நோ. மதில்தான் காரணம் என்று நிரூபிக்க என்னால் முடியாது, ஆனால் சந்தேகம் இருக்கிறது.

சரி, நடக்கலாமே என்பார்கள். கிழமைக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நானும் நடந்தேன். எங்கள் ஒழுங்கையில் விடிய ஐந்தரைக்கு நாய்களுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. நாய் இல்லாத இடத்தில் "எங்கை ரீச்சர் வெளிக்கிட்டிட்டியள்?" என்று படலைக்குப் படலை விசாரணை. அப்புறம் பண்ணைக் கடற்கரைக்குப் போகத் தொடங்கினேன், நல்ல காற்று, கோட்டைப் பக்கம் விடியல் அழகாகவே இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஆறு கிலோமீற்றர் ஸ்கூட்டியில் போய் இரண்டு கிலோமீற்றர் நடந்துவிட்டு ஆறு கிலோமீற்றர் திரும்ப ஸ்கூட்டியில். மூன்று கிழமையில் நின்றுபோனது.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் என்ன நடக்கிறது? கோயிலைச் சுற்றி வீதிகளை மறித்துவிடுவார்கள். வாகனத்தை எங்கேயோ விட்டுவிட்டு எல்லோரும் நடப்பார்கள், வெறுங்காலோடு, எண்பது வயதுக்காரர்களும். வீட்டில் மரக்கறிதான். யாரும் மனதை அடக்கப் பாடுபடுவதில்லை. வழி அப்படி இருக்கிறது, போகிறோம்.

அதனால் நான் மனதைத் திருத்தும் வேலையை விட்டுவிட்டு போர்ட்டிக்கோவைத் திருத்தினேன். சைக்கிள் வாசல்படிக்கு நேரே நிற்கும். ஸ்கூட்டி பின்னால் உரலுக்கும் மதிலுக்கும் இடையில். அதை எடுக்க வேண்டுமென்றால் சைக்கிளை நகர்த்தி, உரலை உருட்டி, நாலு நிமிடம் மல்லுக்கட்ட வேண்டும். காலமை ஏழு மணிக்கு யாருக்கு நாலு நிமிடம் இருக்கிறது? காசுப் பையைப் படலைக்குப் பக்கத்து ஆணியிலிருந்து எடுத்து மேல் அலுமாரிக்குள் வைத்தேன். பாண் ஓட்டோ இரண்டு நாள் நின்று பார்த்தது, இப்போது எங்கள் வீட்டடியில் வேகத்தைக் குறைப்பதில்லை. இவருக்குத்தான் கோபம். "என்னப்பா, ஒரு அவசரத்துக்கு ஸ்கூட்டியை எடுக்கேலாமல் கிடக்கு, பற்றரியும் இறங்கிப் போச்சு" என்கிறார். அவசரம் வரட்டும், உருட்டலாம்.

பலாலி வீதி இப்போது காப்பெற் வீதி, பஸ்கள் பறக்கின்றன. அதில் எனக்கு இன்னும் பயம்தான். முடிந்தவரை உள் ஒழுங்கைகளால் சுற்றிப் போகிறேன், அரைக் கிலோமீற்றர் கூடுதல்.

முந்தநாள் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட செயின் கழன்றுவிட்டது. என்னிடம் படித்த பொடியன் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடிவந்து கையெல்லாம் கிரீஸாக்கி மாட்டித் தந்தான். துடைக்கத் துணி கொடுத்தேன். வாங்கியவன் சைக்கிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"ரீச்சர், திரும்பவும் பெற்றோல் இல்லாமல் போகப்போகுதோ? உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

இல்லையடா தம்பி என்றேன். நம்பவில்லை. நேரே பெற்றோல் நிலையப் பக்கம்தான் திருப்பினான்.