குலதெய்வம் எந்தூருங்க?

போன மாசம் மூணு ஞாயித்துக்கெழமை நானும் என் ஃப்ரெண்டும் திருப்பூர்ல வீடு தேடி அலைஞ்சோம். அவன் கட்டிங் மாஸ்டர், நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர். ரெண்டு பேரும் காங்கேயம் பக்கம் ஒரே ஊருதான், ஒரே ஸ்கூலுதான், ஒரே தெரு இல்ல. நம்மூர்க்காரங்களுக்கு இதுக்கு மேல வெளக்கம் வேண்டியதில்ல.

மொதல் வீடு வேலம்பாளையம். கேட்டுல டூலெட் போர்டு, ரெண்டு ரூமு, ஒரு கிச்சன், போர் தண்ணி, வாடகை ஏழாயிரம்னு எல்லாம் பேசி முடிச்சாச்சு, அந்தம்மா காபி கூடக் குடுத்துட்டாங்க. அப்பறம் வெயிலப் பத்திக் கேக்கற மாதிரி சாவகாசமா, "தம்பிக்குக் குலதெய்வம் எந்தூருங்க?"ன்னாங்க. இவன் சொன்னான். அந்தம்மா டம்ளர எடுத்துட்டு உள்ள போனவங்க நெம்ப நேரம் கழிச்சுத்தான் வெளிய வந்தாங்க. "வூட்டுக்காரரக் கேட்டுப்போட்டு போன் பண்றனுங்க." போன் வரல. அடுத்த வாரம் ஒரு வேகத்துல நான் மட்டும் போய் அதே வீட்டக் கேட்டேன், அதே காபி, அதே குலதெய்வம் கேள்வி, என் பதிலுக்கு அஞ்சு நிமிசத்துல சாவி கைக்கு வந்துருச்சு, அட்வான்சுல பத்தாயிரம் கொறச்சும் சொன்னாங்க. நான் வாங்கல. வாங்கலைங்கறதப் பெரிய தியாகமா சொல்லலீங்க, எனக்கு வேற வீடு இருக்குது, அவ்வளவுதான்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம ஹெட்செட்ட மாட்டிட்டு லெட் பெல்லிங்கற அமெரிக்கக் கருப்பினப் பாடகரோட பாட்டு ஒண்ணு கேட்டேன். பேரு பூர்ஷ்வா ப்ளூஸ், ப்ளூஸ்ங்கறது அங்கத்த கருப்பின மக்களோட பாட்டு வகை. பத்து தடவைக்கு மேல ஏற்கெனவே கேட்ட பாட்டுதான், சும்மா கித்தாருக்காகக் கேட்டுட்டு இருந்தது. அன்னிக்குத்தான் அது வீடு தேடற பாட்டுன்னு ஒறைச்சுது.

லெட் பெல்லிங்கறது பட்டப்பேரு, சொந்தப் பேரு ஹடி லெட்பெட்டர். லூசியானாக்காரரு, பன்னண்டு கம்பி கித்தாரு வாசிப்பாரு, சாதாரண கித்தாருக்கு ஆறு கம்பிதான், இவரு வாசிக்கறதக் கேட்டா ரெண்டு பேரு உக்காந்து வாசிக்கற மாதிரி இருக்கும். ஆளு ஒண்ணும் புத்தரு கெடையாது, கொலைக் கேசுல டெக்சாஸ் ஜெயில்ல இருந்திருக்காரு. அங்க வந்த கவர்னருக்கு முன்னாடி பாடி 1925ல மன்னிப்பு வாங்கி வெளிய வந்து, மறுபடி கத்திக்குத்துல லூசியானாவுல அங்கோலா ஜெயிலுக்குப் போனாரு. 1933ல அந்த ஜெயிலுக்கு ஜான் லோமாக்ஸ், அவரு பையன் ஆலன் லோமாக்ஸ்னு ரெண்டு வெள்ளக்காரங்க ரெக்கார்டிங் மெஷினக் காருல ஏத்திட்டு வந்தாங்க. நாட்டுப்புறப் பாட்டுச் சேகரிக்கறவங்க, ஜெயிலு ஜெயிலா போவாங்க, ஏன்னா கைதிங்க கூட்டமா மரம் வெட்டும்போதும் மம்முட்டி போடும்போதும் பாடற வேலைப் பாட்டெல்லாம் அங்கதான் மாறாம இருந்துச்சு. ஒருத்தன் எடுத்துப் பாட மத்தவங்க வாங்கிப் பாடுவாங்க, அந்தத் தாளத்துக்குக் கோடாலி எறங்கும். நம்மூர்ல நடவுப் பாட்டு கேட்டவங்களுக்கு இது புதுசில்ல, ஆனா அங்க பக்கத்துல துப்பாக்கியோட ஒருத்தன் நிப்பான்.

வெளிய வந்ததுக்கு அப்பறம் லெட் பெல்லி அப்பா லோமாக்சுக்கு டிரைவராவும் இருந்தாரு, கச்சேரிலயும் பாடுனாரு. 1935ல இவரப் பத்தி எடுத்த நியூஸ்ரீல்ல, அதாவது தியேட்டர்ல ஓட்டற செய்திப் படத்துல, மறுபடி கைதி டிரஸ்ஸ மாட்டி நடிக்க விட்டாங்க. விடுதலையான மனுசன் கிட்ட அந்தத் துணியத் திரும்பக் குடுத்து போட்டுக்கோன்னு சொன்னவங்க கெட்டவங்க இல்ல, அவரோட பாட்ட உண்மையாவே நேசிச்சவங்க. அதான் எனக்கு எரிச்சலா இருக்குது.

1937ல வாஷிங்டன்ல இருக்கற காங்கிரஸ் லைப்ரரிக்காக, அதாவது அமெரிக்கப் பார்லிமெண்டோட லைப்ரரிக்காக, பாட்டு பதிவு பண்ண அவரும் சம்சாரம் மார்த்தாவும் போனாங்க. தங்க எடம் கெடைக்கல. கருப்பருக்கு ரூம் இல்ல, வெள்ளக்காரங்களோட சேந்து சாப்புட எடம் இல்ல, ஆலன் லோமாக்ஸ் தன் எடத்துல தங்க வெச்சா அங்க வீட்டுக்காரன் சத்தம் போடறான். அவரு பாட்டு வேணும், பத்திரமா அரசாங்க லைப்ரரில வெக்கோணும், அவரு மட்டும் எங்கியாவது படுத்துக்கோணும். கூட இருந்தவங்கள்ல ஒருத்தரு சலிச்சுக்கிட்டு இது ஒரு பூர்ஷ்வா ஊருன்னு சொல்ல, அப்படின்னா என்னன்னு கேட்டு, சொத்து பத்தோட இருக்கற முதலாளி வர்க்கம்னு தெரிஞ்சுக்கிட்டு அந்த வார்த்தையவே பிடிச்சுப் பாட்டாக்கிட்டாரு. நம்ம திருப்பூர் தோழர்கள் மீட்டிங்குல அம்பது வருசமா பூர்ஷ்வா பூர்ஷ்வாங்கறாங்க, ஒரு ட்யூன் போட்டாங்களான்னா இல்ல. பாட்டு அழுகாச்சியா இருக்காது, நல்லா ஜாலியா துள்ளும். வீடு குடுக்காதவங்களப் பாத்துச் சிரிச்சுட்டே, ஊர்ல இருக்கற அத்தன கருப்பருக்கும் அந்த ஊர்ல வீடு வாங்காதீங்கன்னு சேதி சொல்லுவாரு.

இதத் தோண்டப் போனா இன்னொண்ணு தெரிஞ்சுது. 1920ல மேமி ஸ்மித்னு ஒரு கருப்பினப் பாடகி பாடுன ரெக்கார்டு எக்கச்சக்கமா வித்துருச்சு, ஓஹோ இவங்க கிட்டயும் காசு இருக்குதுன்னு முழிச்சுக்கிட்ட கம்பெனிங்க அவங்களுக்குன்னு தனி வரிசை போட்டு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்'னு பேரு வெச்சாங்க, ரேஸ்னா இங்க இனம். கிராமத்து வெள்ளக்காரங்க பாட்டுக்கு 'ஹில்பில்லி'ன்னு இன்னொரு வரிசை. ஒரே ஃபிடில், ஒரே கித்தாரு, பல சமயம் பாட்டே ஒண்ணுதான். கன்ட்ரி மியூசிக்குக்கு ஆதின்னு சொல்ற கார்ட்டர் ஃபேமிலில ஏ.பி.கார்ட்டர் மலையெல்லாம் சுத்திப் பாட்டுச் சேகரிக்கும்போது கூடப் போயி மெட்ட மனசுல பிடிச்சுட்டு வந்தது லெஸ்லி ரிடில்ங்கற கருப்பின கித்தார்க்காரரு, ரெக்கார்டு லேபில்ல அவரு பேரு இல்ல. பேஞ்சோவும் அப்படித்தான், சொரக்குடுக்கைல தோலு கட்டி கம்பி இழுத்து ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையா வந்தவங்க வாசிச்சது, இன்னிக்கு பேஞ்சோன்னாலே வெள்ளக்கார விவசாயி திண்ணைல உக்காந்து வாசிக்கற படம்தான் மனசுல வருது. 1949லதான் பாட்டு விற்பனைப் பட்டியல் போடற பில்போர்டு பத்திரிகை ரேஸ்ங்கற பேர எடுத்துட்டு ரிதம் அண்ட் ப்ளூஸ்னு மாத்துச்சு. பேருதான் மாறுச்சு, வரிசை ரெண்டாவே இருந்துச்சு.

ரெண்டு வரிசைன்னதும் எனக்கு எங்க அப்புச்சி டீக்கடை ஞாபகம் வந்துருச்சு. உள்ள கண்ணாடி கிளாசு, வெளிய தாவாரத்துல ஆணி அடிச்சு மாட்டுன நாலு அலுமினிய டம்ளர். குடிச்சவங்களே கழுவி அவங்களே மாட்டோணும். டீ ஒரே பாய்லர், ஒரே பாலு, ஒரே சக்கரை. நான் ஒண்ணாவது படிக்கறப்போ எட்டற ஒசரத்துல இருக்குதேன்னு அதுல ஒண்ண எடுத்துத் தண்ணி மோக்கப் போனேன், அப்புச்சி கல்லாவுல இருந்து எந்திரிச்சு வந்து கைல பட்டுன்னு ஒண்ணு வெச்சாரு. அவரு என்ன அடிச்சது அந்த ஒரே தடவைதான். அப்பறம் பேப்பர் கப்பு வந்துச்சு, டம்ளர் போச்சு. ஆணி கடைய இடிக்கற வரைக்கும் அங்கியேதான் இருந்துச்சு.

ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, ஆபல் மீரபோல்ங்கற நியூயார்க் வாத்தியாரு எழுதி பில்லி ஹாலிடே 1939ல பாடுனது, வெள்ளக்காரக் கும்பலு கொன்னு மரத்துல தொங்கவிட்ட கருப்பின மக்களப் பத்தின பாட்டு. அத நான் ஒரு தடவைதான் முழுசா கேட்டேன், ரெண்டாந்தடவ முடியல. அவங்க பாடும்போது கிளப்புல சர்வருங்க பரிமாறறத நிறுத்திருவாங்க, லைட்ட அணைச்சு மொகத்துல மட்டும் வெளிச்சம் விடுவாங்க.

இன்னொரு பாட்டு இருக்குது, அத நாமளே பாடிருக்கோம். ஸ்கூல்ல குடியரசு தினத்துக்கு 'ஹம் ஹோங்கே காம்யாப்'னு அர்த்தம் தெரியாம கத்துவோமில்ல, அதோட மூலம் வீ ஷேல் ஓவர்கம். சர்ச் பாட்டா இருந்தத 1945ல சார்ல்ஸ்டன்ல சுருட்டு ஃபேக்டரி ஸ்ட்ரைக்குல கருப்பினப் பொம்பளைங்க மழைலயும் குளுருலயும் நின்னு பாடுனாங்க, அங்கிருந்து டென்னசில போராட்டக்காரங்களுக்குப் பயிற்சி குடுக்கற ஹைலேண்டர் ஸ்கூலுக்குப் போயி, 1960கள்ல கருப்பின மக்களோட உரிமைப் போராட்டத்துல ஊர்வலம் ஊர்வலமா பரவுச்சு. எங்க ஸ்கூல்ல இத முன்வரிசைல நின்னு பாடுனது நானும் என் ஃப்ரெண்டும்தான். அவனுக்குக் கொரலு என்னவிட நல்லாருக்கும்.

இந்த மூணாவது ஞாயித்துக்கெழம பைக்குல போறப்ப அவனுக்கு இந்தக் கதையெல்லாம் சொல்லிட்டு லெட் பெல்லி பாட்டயும் போன்ல போட்டுக் காமிச்சேன். சிக்னல்ல நின்னு கேட்டான். இங்கிலீஷ் பாதி புரியல, கித்தாரு மட்டும் செமையா இருக்குதுன்னான். கொஞ்ச நேரம் கழிச்சு, "ஏண்டா மாப்ள, அவருக்குக் கடைசில வீடு கெடைச்சுதா?"

"நியூயார்க்ல கெடைச்சுது. அங்கதான் கடைசி வரைக்கும் இருந்தாரு, 1949ல செத்தாரு. மறுவருசமே அவரு பாடிட்டு இருந்த பாட்ட வீவர்ஸ்னு ஒரு வெள்ளக்காரக் குழு பாடி நம்பர் ஒன் ஆயிருச்சு."

"வாடகை எவ்வளவாம்?"

தெரியலன்னேன். பச்ச விழுந்துச்சு. பெட்ரோல் பங்க் தாண்டி லெஃப்ட்ல திரும்பச் சொன்னான், அங்க ஒரு லைன் வீடு காலியா இருக்குதாம், ஓனரு துபாய்ல இருக்காராம், வாட்ஸப்புலயே பேசிக்கலாமாம்.