கடலே திண்ணையான ஊர்: திரியெஸ்தேயில் ஆறு நாள்

நேற்று இரவுதான் திரும்பி வந்தேன். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை, துண்டில் உப்பு வாசனை அப்படியே இருக்கிறது. இத்தாலி போகிறேன் என்றதும் ரோம், வெனிஸ், ஃப்ளோரன்ஸ் என்று ஆளாளுக்குப் பட்டியல் போட்டார்கள். நான் ஆறு நாளையும் திரியெஸ்தேவுக்கே கொடுத்தேன். இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஸ்லோவேனியா எல்லையை ஒட்டி, ஏட்ரியாட்டிக் கடலோரம் இருக்கிற ஊர். அப்துஸ் சலாம் 1964-ல் அங்கே தொடங்கிய கோட்பாட்டு இயற்பியல் மையத்தில் என் கல்லூரித் தோழி ஆராய்ச்சி செய்கிறாள். அவள் வீட்டில் தங்கியதால் அறை வாடகை இல்லை. யூரோ விற்கிற விலையில், அது இல்லாவிட்டால் நான் கிளம்பியிருக்கவே மாட்டேன்.

எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். முதலில் ரயில். வெனிஸ் மெஸ்த்ரேயில் ஏறினால் சுமார் 2 மணி நேரம். வலதுபக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மொன்ஃபால்கோனே தாண்டிக் கொஞ்ச நேரத்தில் தண்டவாளம் பாறைச் சரிவின் மேல் போகும், கீழே முழுக்கக் கடல்.

அப்புறம் டாக்ஸி. இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஸ்டேஷனில் இறங்கியபோது இரவு பத்தரை. தோழிக்கு அன்று வேலை முடியவில்லை, விலாசம் மட்டும் அனுப்பியிருந்தாள். வாசலில் நின்ற ஓட்டுநரிடம் காட்டினேன். மீட்டர் போடவில்லை. கேட்டதற்குக் கையை ஆட்டினார், அவ்வளவுதான். துறைமுகத்தை ஒட்டி ஒரு சுற்று, மேட்டில் ஒரு சுற்று, கடைசியில் 30 யூரோ. ஏறக்குறைய 3,000 ரூபாய்! மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்தால், கீழே ஸ்டேஷன் கூரை தெரிகிறது. ரொயானோ என்கிற அந்தப் பகுதியே ஸ்டேஷனுக்குப் பின்னால்தான் இருக்கிறது, நடந்தால் கால் மணி நேரம். இரண்டு நாள் சாப்பாட்டுக்காக வைத்திருந்த பணம் அது. இன்னும் மனசு ஆறவில்லை. ஏறுவதற்கு முன்பே மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் இறங்கிவிடுங்கள்.

அந்தக் கோபத்தைத் தணித்தது காபி. 1719-ல் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் ஆறாம் சார்லஸ் இந்த ஊரைச் சுங்கவரி இல்லாத துறைமுகமாக அறிவித்தார். அன்றிலிருந்து காபிக்கொட்டை மூட்டை மூட்டையாக வந்திறங்கிய ஊர் இது. காபிக்கென்றே தனிப் பேச்சு வைத்திருக்கிறார்கள். எஸ்பிரெஸ்ஸோ வேண்டுமென்றால் 'நேரோ'. கப்புச்சினோ என்று கேட்டால் மற்ற ஊர்களில் வருகிற பெரிய கோப்பை வராது, சின்னக் கோப்பையில் கொஞ்சம் பால் சேர்த்து வரும். ஊர்க்காரர்கள் கேட்பது 'கப்போ இன் பி'. அதே காபி, ஆனால் கண்ணாடித் தம்ளரில். விரல் உயரத் தம்ளர், அடியில் கருப்பு, மேலே இரண்டு விரற்கடை நுரை. கவுன்டரில் நின்றபடியே மூன்று வாயில் குடித்துவிட்டுப் போகிறார்கள். ஒன்றரை யூரோகூட ஆகவில்லை. அதையே பியாட்சா உனித்தா சதுக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குடித்தால் விலை பல மடங்கு. சதுக்கம் அழகுதான். மூன்று பக்கமும் மாளிகைகள், நாலாவது பக்கம் கடல். ஆனால் அந்த அழகைப் பார்க்கக் காசு வேண்டியதில்லை. எதிரே மோலோ அவுதாச்சே என்கிற கல்பாலம் 200 மீட்டருக்கு மேல் கடலுக்குள் நீள்கிறது. சாயங்காலம் ஊரே அதில் நடக்கிறது, நாமும் அதன் நுனியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். சதுக்கத்தை ஒட்டிய ஓர் உணவகத்தில் உறைய வைத்த மீனைப் பொரித்துக் கொடுத்து, மேசைக் கட்டணத்தையும் சேர்த்து 27 யூரோ வாங்கினார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். சந்துக்குள் இருக்கிற 'புஃபே' கடைகளைத் தேடுங்கள். பெயரைக் கேட்டு வரிசையாகப் பாத்திரம் வைத்திருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். கொதிக்கிற அண்டாவிலிருந்து பன்றிக்கறியை எடுத்து, நம் கண் முன்னாலேயே நறுக்கித் தருகிற கடைகள் இவை. மேலே 'க்ரென்' என்கிற வேரைத் துருவிப் போடுகிறார்கள். வெள்ளைத் துருவல், முதல் வாயிலேயே சுர்ரென்று மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வரவைத்துவிட்டது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். சர்தோனி என்று ஒரு மீன், நம் நெத்திலிதான். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது, தூத்துக்குடிக்காரியான எனக்கே அதில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் 6-ஆம் நம்பர் பஸ்ஸில் பார்கோலா போனோம். மணல் கிடையாது. கிலோமீட்டர் கணக்கில் நீளும் சிமென்ட் நடைபாதை, அதையொட்டிக் கடல். தோழி முதலில் சொன்னபோது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஐந்தரை மணிக்கு அலுவலகம் விட்டு வந்தவர்கள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அந்தத் தரையிலேயே துண்டை விரித்துப் படுத்தபோதுதான் புரிந்தது. நம் ஊரில் அந்தக் காலத்துத் திண்ணை எப்படியோ, இவர்களுக்குக் கடலோரம் அப்படி. பாட்டிகள் சாய்வு நாற்காலியைக் கையோடு கொண்டுவந்து, அவரவர் வழக்கமான இடத்தில் போடுகிறார்கள். தோபோலினி என்கிற அரைவட்ட மேடைகளில் இருந்து பையன்கள் உடம்பை மடக்கிக் குதித்துத் தண்ணீரை வாரி இறைக்கிறார்கள். 'கிளான்ஃபா' என்பது அந்தக் குதிப்பின் பெயர். யார் அதிகமாகத் தெறிக்க வைப்பது என்பதுதான் போட்டி.

இதே பஸ் போகிற வழியில்தான் மிராமாரே கோட்டையும். தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை, போய் வாருங்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்ததே பெதோச்சினைப் பற்றித்தான். பலகையில் லந்தேர்னா குளியல் துறை என்று இருக்கும், பக்கத்தில் பழைய கலங்கரை விளக்கம். ஊர்க்காரர்களுக்கு அது பெதோச்சின். சதுக்கத்தில் இருந்து துறைமுகத்தோரம் நடந்தால் கால் மணி நேரம், நுழைவுக்கு ஒரு யூரோவும் சில்லறையும். கூழாங்கல் கரையின் நடுவே ஒரு வெள்ளைச் சுவர், ஆள் உயரத்துக்கும் மேல். ஆஸ்திரியர்கள் ஆண்ட காலத்தில் எழுந்தது. கரையைப் பிளந்துகொண்டு நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்களும் குழந்தைகளும். பெண்கள் பக்கம்தான் பெரியது.

கேட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. பிரித்து வைக்கிற சுவர்களை நிறையப் பார்த்தவள் நான். உள்ளே போனதும் எண்ணம் மாறியது. எண்பது வயதுப் பெண்கள் மேலாடை இல்லாமல் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாள், ஒருத்தி டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறாள். அறுவைச் சிகிச்சைத் தழும்பு, தொங்கிய வயிறு, நரம்பு முடிச்சிட்ட கால், எதையும் யாரும் மறைக்கவில்லை. நான் முழங்கால் வரை மூடிய நீச்சல் உடையில் நின்றேன், யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கடலுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தும், ஊரில் நான் கணுக்காலுக்கு மேல் இறங்கியதில்லை. யாராவது பார்ப்பார்கள் என்கிற பயம். நீச்சலே முப்பத்துநாலு வயதில், சென்னையில் பெண்களுக்கான வகுப்பில் கற்றுக்கொண்டதுதான். அன்றைக்கு உப்புத் தண்ணீரில் மல்லாந்து மிதந்தேன். காதில் தண்ணீர் நிறைந்து சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. மேலே வானம் மட்டும்.

கரையேறும்போது கூழாங்கல் பாதத்தைக் குத்தியது. ஒரு பாட்டி தன் ரப்பர் செருப்பைக் காலாலேயே என் பக்கம் தள்ளிவிட்டு, "முலா, முலா" என்று கூப்பிட்டார். பெண்ணே என்று அர்த்தமாம். இரண்டு ஆப்ரிகாட் பழங்களையும் கையில் திணித்தார், வெயிலில் கிடந்து வெதுவெதுப்பாக இருந்தன. நான் கேட்ட பெண்கள் யாருக்கும் அந்தச் சுவரை எடுக்க மனமில்லை. எனக்கும் இல்லை.

மலைமேல் ஒஸ்மீட்சாவுக்கும் போனோம். விவசாயிகள் தங்கள் விளைச்சலை வருடத்தில் சில நாள் வீட்டிலேயே விற்கலாம் என்று 1784-ல் பேரரசர் இரண்டாம் ஜோசப் அனுமதித்தார். எட்டு நாள், எட்டுக்கு ஸ்லோவேனிய மொழியில் 'ஒசெம்', அதிலிருந்து வந்த பெயர். சாலை முனையில் இலைக்கொத்து கட்டியிருந்தால் அன்று திறந்திருக்கிறது என்று அர்த்தம். அவித்த முட்டை, ஹாம், சீஸ், ரொட்டி, புளிப்பேறிய தெர்ரானோ ஒயின், இரண்டு பேருக்கும் சேர்த்து 19 யூரோ. கீழே வளைகுடா முழுக்கத் தெரிந்தது.

அந்த முதல் முறைக்குப் பிறகு பெதோச்சினுக்கு இன்னும் மூன்று முறை போனேன். கடைசி நாள் காலையிலும் போய், அந்தப் பாட்டியிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்து, ஈரத் தலையோடு ஸ்டேஷனுக்கு உருட்டிக்கொண்டு நடந்தேன். பதினான்கு நிமிடம். வாசலில் டாக்ஸிகள் நின்றிருந்தன. உள்ளே போய், இந்த முறை இடதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.